சொட்டுக்குள் தனிக்குடித்தனம்

மாட்டுங்காவில் அன்று தமிழில் ஓர் அறிவியல் கூட்டம். பேசியவள் மாரீஸ்வரி, செம்பூர் ஆய்வகத்தில் உயிரின் தொடக்கத்தை ஆராய்கிறவள். தாராவியிலிருந்து அவள் புகுந்த வீடே திரண்டு வந்து முன்வரிசையை அடைத்திருந்தது: மாமியார் சொர்ணம்மாள், கணவன் மகேஷ்குமார், வேலைவெட்டி இல்லாமல் தம்பி சம்பாத்தியத்தில் உடம்பு வளர்க்கும் அவன் அண்ணன் பூலோகம். டோம்பிவிலியில் தனி வீடு பார்த்துச் சாவியும் வாங்கியாயிற்று. கூட்டம் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவதாக மகேஷ் சத்தியம் பண்ணியிருந்தான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

உயிர் வருமுன்பே தம்மைத்தாமே நகலெடுக்கும் மூலக்கூறுகள் இருந்திருக்கலாம் என்றாள். நகலெடுக்கும்போதே சில அரைகுறைகளும் பிறந்துவிடும். அவற்றுக்கு வேலை தெரியாது, மற்றவற்றின் உழைப்பில் பெருக மட்டும் தெரியும். குட்டையானவை என்பதால் சீக்கிரமே பெருகும். எல்லாம் ஒரே கலவையில் கிடந்தால் இந்த ஒட்டுண்ணிகள் மொத்தத்தையும் நாசமாக்கிவிடும்.

"அப்ப மத்ததெல்லாம் எப்படிப் பிழைச்சுது?" என்றார் ஒரு பெரியவர்.

சின்னச் சின்னச் சொட்டுகளாகப் பிரிந்ததால் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சனி. "தனிக்குடித்தனம் போய்த்தான்" என்றாள். அரங்கமே சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை.

அரங்கத்துக்கு வெளியே, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் சொர்ணம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஊரக் கூட்டி வச்சு எங்கள ஒட்டுண்ணின்னு சொல்லுததுக்கா கூட்டிட்டு வந்த? எம்புள்ளையப் பிரிக்கப் பாக்கியோ?"

"டோம்பிவிலில வீடு பாத்தாச்சு அத்தை. ஏங்க, நீங்களே சொல்லுங்க."

மகேஷ் போகிற பஸ்ஸைப் பார்த்தான். "எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் இவ பண்ணுத வேலை."

பல் குத்திக்கொண்டே பூலோகம் நக்கலாகக் கேட்டான்: "ஏம்மா, தனியாப் போன சொட்டுல அந்தச் சனியன் வராதோ?"

படித்ததை மாற்றிச் சொல்ல அவளுக்கு வராது. "வரும் அத்தான். வெளிய இருந்து வரணும்னு இல்ல, உள்ளயே பொறக்கும்." மகேஷைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அப்ப அந்தச் சொட்டு?"

"அழிஞ்சு போவும். அது இல்லாத சொட்டுதான் பிழைக்கும்."

டோம்பிவிலி ரயில் பிடிக்க அவள் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். தெருமுனை தாண்டியதும் மகேஷ் ஓடி வந்து கையைப் பிடித்தான். "அம்மா முன்னால சும்மா சொன்னேன்டி. நாளைக்கே நானும் வந்துருதேன்."

அவள் கையை உதறினாள். "வராதீங்க. அங்க ஒரு ஆளு இருக்கத்தான் எடம்."