தேவி எழுதாத அட்டை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கொஞ்சம் ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறவில்லை. சம்பவம் நடந்தது இன்று மதியம். ஞாயிற்றுக்கிழமை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘போடிமெட்டிலிருந்து மேகம் இறங்க, ஏலக்காய் மணம் கமழ்ந்த ஒரு பொழுதில், அந்தச் சிறிய புத்தகக் கடையின்...’

அடித்துவிட்டேன். கடை இருப்பது போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில். அங்கே கமழ்வது சால்னா. போடி என்று எழுதினாலே பேனா தானாக ஏலக்காயைத் தேடிப் போகிறது. இந்தக் கதையில் நடந்த அநியாயமும் அதே பழக்கத்தால் வந்ததுதான்.

2

கடைக்காரர் பாண்டித்துரை. கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இடைஞ்சல். (கெட்டவர் என்றால் கதையைச் சுலபமாக முடித்திருப்பேன்.) அவர் கடையில் ஓர் ஏற்பாடு உண்டு. படித்த புத்தகம் பிடித்திருந்தால் வாசகர்கள் ஓர் அட்டையில் நாலு வரி எழுதிப் பெயர் போட்டுத் தரலாம். அட்டையை அந்தப் புத்தகத்தின் மேலேயே கிளிப் போட்டு மாட்டிவிடுவார். விளம்பரத்தை நம்பாதவர்கள்கூட அட்டையை நம்பி வாங்குவார்கள். எழுதியவர் நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வருவார் அல்லவா.

தேவியின் அட்டை போன மாதம் வரை அங்கே இருந்தது:

‘ஆழ்கடல் மீன்களைப் பத்தின புத்தகம். வெயிலே போகாத ஆழத்துல ஒரு மீன் தானே வெளிச்சம் போட்டுக்கிட்டுத் திரியுது. மொத அத்தியாயம் அறுவை*. தாண்டிருங்க. – தேவி.’

(* படித்துப் பார்த்தேன். அறுவைதான்.)

இந்த வருடம் எந்தப் பத்திரிகையிலும் இதைவிட நல்ல மதிப்புரையை நான் வாசிக்கவில்லை.

தேவி காலையில் ஜீப்பேறி மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய், சாயங்காலம் போடிக்குத் திரும்புகிறவர். பாண்டித்துரை என்ன செய்தார் தெரியுமா? அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, தோட்டத் தொழிலாளிகளின் துயரத்தைச் சொல்லும் ஒரு நாவலின் மேல் வேறோர் அட்டையை மாட்டினார்: ‘எங்கள் கண்ணீரால் நனைந்த பக்கங்கள் இவை – தேவி, ஏலத்தோட்டத் தொழிலாளி.’

அந்த நாவலைத் தேவி படித்ததே இல்லை.

3

இன்று நான் கடையில் நின்றிருந்தபோது தேவி வந்தார்.

“அண்ணே, இது யாரு எழுதுனது?”

“நாந்தாம்மா. சும்மா கொஞ்சம் மெருகு போட்டேன். மதுரையில இருந்து வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. உனக்குப் பெருமதான?”

“நான் படிக்காத பொஸ்தகம்ணே.”

“உங்க வாழ்க்கதானம்மா அது. படிக்கணுமா என்ன?”

[இந்த வரியை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆழ்கடல் மீனைப் பற்றி ஒரு பேங்க் மேனேஜர் எழுதினால் அது ரசனை. தேவிக்கு மட்டும் கண்ணீர்தான் ஒதுக்கீடா?]

தேவி குரலை உயர்த்தவில்லை. “மொக்கம்மாக்கா எங்கூட ஜீப்புல வர்றவுக. எம்பேரப் பாத்துத்தான் இத வாங்கிட்டுப் போனாக. இதுல பாதியில ஒரு பச்சப்புள்ள காய்ச்சல்ல சாகுதாம்ல. அந்தக்காவுக்கும் அப்படித்தாண்ணே ஒரு புள்ள போச்சு. தெரிஞ்சேதான் எழுதுனியான்னு கேட்டாக. நான் எழுதலக்கான்னா நம்பல. பேரு இருக்குல்ல. இப்ப எம்பக்கத்துல உக்கார்றது கெடையாது.”

(அவர் பேசியபடியேதான் எழுதியிருக்கிறேன். மெருகு போடவில்லை.)

பாண்டித்துரை அந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தக்காவுக்கு நான் மீனு பொஸ்தகத்தத்தான் குடுத்திருப்பேன். அதுல எந்தப் புள்ளையும் சாகாது.” தேவி அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். “நாளைக்குக் காலையில ஜீப்பு கெளம்புறதுக்குள்ள வாங்க. நீங்க எழுதுனதுன்னு அக்காட்ட நீங்களே சொல்லுங்க.”

“பாக்குறேம்மா,” என்றார் பாண்டித்துரை.

4

முதல் முடிவு: பாண்டித்துரை வருகிறார், சொல்கிறார், எல்லோரும் டீ குடிக்கிறார்கள். (பொய். டீ வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.)

இரண்டாவது: அவர் வரவில்லை. ஜீப்பு கிளம்புகிறது. தேவி கடைசி சீட்டில், தனியாக... (இதை எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவதில் மொக்கம்மாள் நகர்ந்து இடம் விடுகிறார். “விடுத்தா, நீ அப்படிச் செய்வியான்னு நானும்...”

நிறுத்திவிட்டேன். மொக்கம்மாளை நான் பார்த்ததே இல்லை. அவர் மன்னித்துவிட்டார் என்று நானாக எழுதி, அதன் கீழே அவர் பெயரைப் போட்டால், எனக்கும் பாண்டித்துரைக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பாண்டித்துரை மேல் இருந்த கோபத்தில் பாதி இந்த இடத்தில் என் பக்கம் திரும்பிவிட்டது.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. ஜீப்பு நாளைக் காலையில்தான். அதுவரை பொறுக்காது என்றால் நீங்களே ஒரு முடிவை எழுதிக்கொள்ளுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். மொக்கம்மாள் பெயரைப் போடாதீர்கள். தேவி பெயரை ஏற்கெனவே ஒருவர் போட்டுவிட்டார்.