கயிற்றில் கை வைத்தவர்கள்

அன்று பின்னேரம் பொழுதுபடுவதற்குள் சுலக்ஷனாவின் கரை பறிபோக இருந்தது.

அது கணினிக்குள் இருக்கும் கரை. ‘ஆழ்துறை’ என்ற விளையாட்டின் தென்கோடியில், சில தென்னைகளும் சில குடிசைகளும் ஒரு கிணறும் உள்ள மணல் துண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே மணலைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், மருந்தகத்தின் வாசனை கையை விட்டுப் போவதற்கு முன்பே சுலக்ஷனா அந்தக் கரையில் இறங்கிவிடுவாள். கிணற்றை வெட்டியது அவள். குடிசைகளைப் பிறகு வந்தவர்கள் கட்டினார்கள்.

விளையாட்டை உருவாக்கியவர் றஊப். துறைமுகத்துக்கு அருகே கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். கடையின் மேல்மாடியில் பழைய கணினிகளை வரிசையாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் விளையாட்டுக்காரர்களைக் கூட்டுவார். வர முடியாதவர்கள் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இணையத்தில் சேர்வார்கள். ஆழ்துறையில் ஒவ்வொருவரும் ஓர் ஆளாக வாழ வேண்டும். ஒருவர் முத்துக்குளிப்பவர், ஒருவர் கப்பல்காரர், இன்னொருவர் கள்ளக்கடத்தல்காரர். அந்த ஆளாகவே கதைக்க வேண்டும். அங்கே நாணயம் முத்து. ரூபாய் கொடுத்து முத்து வாங்க முடியாது. யாராவது அப்படி வாங்கினால் றஊப் அவரை ஒரு மாதம் வெளியே நிறுத்திவிடுவார்.

குன்றின் மேல் இருந்தது நங்கூரம் கிளப். அதைத் தொடங்கிய கிறிஸ்தோபர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவன். விளையாட்டில் அவன் மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பலின் தலைவன். முதலில் கிளப்பில் சேர நூறு முத்துப் போதுமாக இருந்தது. ஆட்கள் வரத் தொடங்கியதும் முந்நூறாக்கினார்கள். பிறகு ஆயிரம். விலை ஏற ஏறக் கிளப்புக்கு மதிப்பும் ஏறியது. உறுப்பினருக்குச் சந்தை விலை முன்கூட்டியே தெரியும், ஆழமான துறையில் கப்பல் கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்துக்கு ஒருமுறை கிளப் கூடி எந்தக் கரை யாருக்கு என்று தீர்மானிக்கும். அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் றஊப்தான். அதிகாரம் இல்லாத கிளப்புக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பது அவருடைய கேள்வி.

இந்தப் பருவத்துத் தீர்மானம் இரண்டு நாள் முன்னே தெரிந்துவிட்டது. தென்கரைக் குடிசைகளை அகற்றிவிட்டு, உறுப்பினருக்கு மட்டுமான இறங்குதுறை. விளையாட்டில் சூரியன் மறைந்ததும் கிளப்பின் மணி அடிக்கும். அப்போது உள்ளே நிற்பவர்கள்தான் கை உயர்த்தலாம்.

சுலக்ஷனாவின் குடும்பம் 2006இல் போரில் சம்பூரிலிருந்த வீட்டையும் காணியையும் விட்டு வந்து, அன்புவழிபுரத்திலேயே நின்றுவிட்டது. அவள் அதை ஒருபோதும் விளையாட்டோடு சேர்த்துக் கதைத்ததில்லை. அவளைத் தெரிந்தவர்களும் சேர்க்கவில்லை.

கரைக்காரர்கள் எல்லோரும் தங்கள் முத்துகளை ஒன்றாகக் கொட்டினார்கள். ஒருவர் உள்ளே போகும் அளவுக்கு மட்டும் தேறியது. சுலக்ஷனா போய்த் தங்கள் பக்கத்தைச் சொல்வாள், ஒரு கை உயர்த்துவாள், தோற்றுவிட்டு வருவாள். அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. கிளப்பில் பதினொரு பேர் இருந்தார்கள்.

அவளுடைய ஆள் குன்றேறிக் கதவடியில் நின்றபோது, மேல்மாடியின் மறுகோடியில் இருந்த கிறிஸ்தோபர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வரவேற்றான்.

“வாங்கோ சம்மாட்டி. செருப்பக் கழட்டிப்போட்டு வாங்கோ. உள்ள பளிங்குத் தரை.”

“நீங்கள் தரையப் பாத்துக்கொள்ளுங்கோ கிறிஸ்டி. நான் கூரையப் பிரிக்க வாறன்.”

சம்மாட்டி என்றால் கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரர். கிறிஸ்தோபர் அதைக் கிண்டலாகச் சொன்னாலும் விளையாட்டில் அவளுடைய பட்டம் அதுதான்.

அவள் ஆயிரம் முத்தைச் செலுத்தினாள். ஆளின் பெயரைக் கேட்கும் என்று நினைத்திருந்தாள். கதவு படகின் பெயரைக் கேட்டது. தன் கரைவலை வள்ளத்தின் பெயரைக் கொடுத்தாள். இது ஏன் என்று றஊப்பிடம் கேட்டாள். விதி பற்றி யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்வது, யாருடைய பக்கமும் சேராமலிருப்பது, இந்த இரண்டிலும் றஊப் கண்டிப்பானவர். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கிளப் தொடங்கியபோது, தன் கப்பலில் கூட வரும் மூன்று கூட்டாளிகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டுமா என்று கிறிஸ்தோபர் கேட்டிருந்தான். ஆகவே கட்டணத்தை ஆளுக்கு வைக்காமல் படகுக்கு வைத்தார். படகுக்குக் கட்டினால் அதன் தொழிலாளர் எல்லோரும் உறுப்பினர்.

சுலக்ஷனாவின் பக்கத்துக் கதிரையில் இருந்த, தென்கரையில் சொந்த வள்ளமும் வலையும் வைத்திருக்கும் லைலா திரும்பினாள். அவள் துறைமுகச் சரக்கு விடுவிக்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்பவள். விதிகளில் ஓட்டை தேடுவது அவளுக்குத் தினசரித் தொழில்.

“நானா, ஒருத்தர் ஒரு படகுட தொழிலாளியெண்டு கதவுக்கு எப்பிடித் தெரியும்?”

“கப்பலெண்டா, நங்கூரம் போடக்குள்ள மேல நிக்கிறவங்க,” என்றார் றஊப்.

“கரைவலையெண்டா?”

றஊப் சின்ன வயதிலிருந்தே நிலாவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர். இழுப்பவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. வழியால் போகிறவர் கயிற்றைப் பிடித்தாலும், மீன் கிடக்கும் மடி கரைக்கு வரும்வரை விடாமல் நின்றால் அவருக்கும் பங்கு உண்டு. கணினிக்கும் அதையே எழுதியிருந்தார்.

“மடி கரையேறக்குள்ள,” என்றார் மெதுவாக, “கயித்தில கை வெச்சிருக்கிற எல்லாரும்.”

நான்கைந்து கதிரைகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

கிறிஸ்தோபர் எழுந்து வந்து, இது விதியில்லை, தவறு என்றான். றஊப் அவனுக்குத் திரையைக் காட்டினார். கேட்டது நீங்கள், எழுதிக் கொடுத்தது நான், ஒரு வருடமாக உங்கள் கூட்டாளிகள் அனுபவித்தது இதே விதிதான் என்று சொல்லிவிட்டு மீண்டும் கோப்பையை எடுத்தார்.

விளையாட்டுச் சூரியன் கடலுக்கு மேல் ஒரு பனை உயரத்தில் நின்றது. சுலக்ஷனா குன்றிலிருந்து ஓடி இறங்கினாள். வள்ளம் வலையோடு கடலுக்குள் அரைவட்டம் போட்டு வந்தது. இரண்டு கயிற்றையும் கரைக்காரர்கள் பிடித்தார்கள். அறையில் இருந்தவர்கள் உண்மையாகவே இழுப்பதுபோல் தோளை வளைத்தார்கள். கிண்ணியாவிலிருந்து சேர்ந்த ஒருவர் தலைக்கருவி வழியாக ஏலேலோ போட, அவருக்குச் சுருதி இல்லை என்று லைலா கத்தினாள்.

இழுத்துக்கொண்டே லைலா எண்ணினாள். சுலக்ஷனாவோடு சேர்த்துப் பதினொரு பேர். கிளப்பிலும் பதினொன்று. சமனானால் தலைவர் சொல்வதே முடிவு, தலைவர் கிறிஸ்தோபர்.

“பாஹிம் எங்க?” என்றாள் சுலக்ஷனா.

பாஹிம் மூதூரில் கணக்கு ஆசிரியர். தென்கரையில் இரண்டாவது குடிசை அவருடையது. அவருடைய ஆள் மணலில் அசையாமல் நின்றான். லைலா தொலைபேசியில் அழைத்தாள். கரண்ட் போய்விட்டது, கைபேசியில் சேரலாமென்றால் வீட்டுக்குள் இணையம் எடுக்கவில்லை என்றார் அவர். அப்படியென்றால் வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னாள். எங்கே போவது என்று கேட்டார்.

“மூதூர் இறங்குதுறைக்குப் போங்க. அங்கயிருந்து பாத்தா எங்கட டவுன் டவர் நேரா நிக்கிது. மோட்டச்சைக்கிள எடுங்க சேர், பாடம் நடத்தாம.”

அவர் போய்ச் சேரும்வரை மடி கரையேறக் கூடாது. சுலக்ஷனா பாதிப் பேரைக் கையெடுக்கச் சொன்னாள். வலை மெதுவானது. கிறிஸ்தோபருக்கு விஷயம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவன் தன் கூட்டாளிகள் மூவரிடமும் ஏதோ சொன்னான். மூன்று பேரும் குன்றிலிருந்து இறங்கி வந்து, பட்டுச் சட்டையோடு மணலில் நின்று, சுலக்ஷனாவின் கயிற்றைப் பிடித்தார்கள்.

“அவனுகள் இழுக்கிறானுகள்!” என்றாள் லைலா. “சுலோ, எங்கட வலைய இழுக்கிறானுகள்!”

“உதவி செய்யிறம்,” என்றான் கிறிஸ்தோபர். “கயித்தில கை வைக்கிற ஆக்களக் கலைக்கக் கூடாது. அதுதானே வழக்கம்?”

அது உண்மை. யாரையும் கலைக்க முடியாது. மூன்று புதிய தோள்களின் பலத்தில் வலை கடகடவென்று வந்தது. மடியின் மிதப்புக் கட்டைகள் தெரியத் தொடங்கின. சூரியனின் அடி கடலைத் தொட்டது. சுலக்ஷனாவின் உள்ளங்கை வேர்த்துச் சுட்டி வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள். குடிசைகளுக்குப் பின்னால் வைத்திருந்த, அடுத்த பருவத்துக்கான புதுக் கயிற்றுச் சுருள்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றை எடுத்து இடது கயிற்றோடு முடிந்தாள், மற்றதை வலதோடு. வலை மறுபடி நீருக்குள் பின்வாங்கியது. கிறிஸ்தோபரின் ஆட்கள் புதுக் கயிற்றின் நீளம் முழுவதையும் முதலிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவன் அறையின் மூலையிலிருந்து, தனக்கு உண்மையாகவே கை நோகுது என்றான். சிரிப்பு எழுந்தது. அவனும் சிரித்தான்.

சூரியன் பாதியாக இருந்தபோது பாஹிமின் குரல், காற்றிரைச்சலோடு, தலைக்கருவிக்குள் வந்தது.

“வந்திட்டன். எந்தக் கயிறு?”

“எதெண்டாலும் பிடியுங்கோ!”

பாஹிமின் ஆள் மணலில் இரண்டு தரம் விக்கித்து நின்று, பிறகு ஓடினான். அவன் கை கயிற்றில் பட்டதும், எல்லோரும் இழுக்கும்படி சுலக்ஷனா சொன்னாள். சொல்வதற்கு முன்பே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடி மணலில் ஏறியது. மீன் வெள்ளியாகக் கொட்டியது. கணினி கயிற்றில் இருந்த ஒவ்வொரு கைக்கும் பங்கு பிரித்துக் கூடையில் போட்டது. கிறிஸ்தோபரின் ஆட்களுக்கும் மூன்று கூடை.

மணி அடித்தபோது நங்கூரம் கிளப்பின் பளிங்குத் தரை முழுக்க மணல். கரைக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஈரக் காலோடு. குடிசைகளை அகற்ற வேண்டும் என்பதற்குப் பதினொரு கைகள் உயர்ந்தன. அவற்றில் மூன்று கைகள் மறு கையில் மீன்கூடையோடு. எதிராகப் பன்னிரண்டு. றஊப் தன் வழக்கம்போல் உணர்ச்சியில்லாத குரலில் எண்ணிக்கையை வாசித்து, தென்கரை இருந்தபடியே இருக்கும் என்றார். கீழே கடையில் நின்ற யாரோ மேலே என்ன இடிகிறது என்று கேட்கும் அளவுக்குக் கதிரைகள் அதிர்ந்தன. பாஹிமின் பக்கத்திலிருந்து மோட்டார்சைக்கிள் ஹோர்ன் நீளமாக ஒலித்தது.

ஆனால் கிறிஸ்தோபர் தலைவர். அவனால் இன்னொரு தீர்மானம் கொண்டுவர முடியும். கொண்டுவந்தான். நாளை முதல் கயிற்று விதி இல்லை, ஆளுக்கு இரண்டாயிரம் முத்து. இன்று உள்ளே வந்த எல்லோரும் உறுப்பினராகவே இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டான்.

கிளப்காரர்களின் கைகள் உயர்ந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மணல் படிந்த கையும் உயர்ந்தது. அது லைலாவின் கை.

சுலக்ஷனா திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

“என்ன பாக்கிறாய்?” என்றாள் லைலா. “நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனாங்கள். இனி வாறவங்க சும்மா வந்து நிக்கிறதா?”

“அடுத்த பருவமும் இதே தீர்மானம் வரும், லைலா. அதுக்குள்ள கிளப்காரர் இன்னும் ஒருத்தரைச் சேர்த்தாப் போதும். எங்களுக்கு ஆர் வருவினம்? எங்கட ஆக்களிட்ட இரண்டாயிரம் இருக்கோ?”

உள்ளே நிற்பது இவ்வளவு நல்லாயிருக்கும் என்று தனக்குத் தெரியாது என்று லைலா முணுமுணுத்தாள். பிறகு கையை இறக்கினாள். தீர்மானம் ஒரு கையால் விழுந்தது.

கிறிஸ்தோபர் தலைக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, சுலக்ஷனாவின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். அவளுடைய திரையில் தென்கரைக் குடிசைகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“எனக்கும் ஒரு வலை வாங்கப் போறன்,” என்றான். “என்ர பக்கமும் கயித்தில ஆள் நிக்கும். இறக்க இடம் தருவீங்களோ?”

“அது என்ர கரையில்ல, கிறிஸ்டி. ஆரும் இறக்கலாம். ஆனா வலை இறக்க முறை இருக்கு, வரிசையில வரவேணும்.”

“இப்ப ஆர் கடைசி?”

“நான்,” என்றாள் லைலா, திரும்பாமலே. “எனக்குப் பின்னால நில்லுங்க. செருப்பக் கழட்டிப்போட்டு.”

அவன் தன் கதிரைக்குப் போனான். சற்று நேரத்தில், பட்டுச் சட்டை போட்ட அவனுடைய கப்பல்காரன் குன்றிலிருந்து இறங்கி, ஈர மணலில் லைலாவின் வள்ளத்துக்கு அடுத்ததாக வந்து நின்றான். சுலக்ஷனா அடுத்த வலைக்கு வள்ளத்தைத் தள்ளச் சொன்னாள்.