பன்னிரண்டா, பதினாறா

சுவரிலிருந்த சார்ஜரைப் பிடுங்கினார் பெரியவர். இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்கிறார்களோ இல்லையோ, பிளக் எங்கே என்று விசாரித்துவிடுகிறார்கள். செத்துக் கிடக்கிற மருமகன் தலைமாட்டில், மாலைக்குப் பக்கத்தில், எவனுடைய போனோ படுத்துக் கிடக்கிறது. மனுஷனுக்கு உயிர் போய்விட்டது, இதற்கு ஏற்றுகிறார்களாம்.

"அது என்னோடதுங்க ஐயா," என்று ஒருவர் எழுந்து வந்தார். மருமகனுடைய கம்பெனி மேனேஜர்.

"எடுத்துட்டு வெளிய போய் வச்சுக்க."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டாரே தவிர வெளியே போகவில்லை. பெரியவர் அதையும் கவனித்தார். கம்பெனி ஆட்கள் மாலையைப் போட்டார்கள், கும்பிட்டார்கள், பத்து நிமிஷத்தில் வண்டி ஏறினார்கள். இந்த ஆள் மட்டும் காலையிலிருந்து நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்குளில் ஒரு சுருட்டின காகிதம். சாவுக்கு வருகிறவன் எதற்குக் காகிதத்தோடு வருகிறான்?

மருமகன் வரைபடமும் எஸ்டிமேட்டும் போடுகிற இன்ஜினியர். ஒரு செங்கல் வைக்கும் முன்பே இத்தனை மூட்டை, இத்தனை கம்பி, இத்தனை ஆள் என்று உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுவார். நாற்பது வருஷம் வெயிலில் கம்பி கட்டின பெரியவருக்கு அது தொழிலாகவே படவில்லை. ஊரெல்லாம் 'காகித மேஸ்திரி' என்று சொல்லித் திரிந்தார். மாடி எடுத்தபோது மருமகன் அறுபத்திரண்டு கம்பி என்று எழுதிக் கொடுத்தார். பெரியவர் எழுபத்திரண்டு வாங்கினார். சரியாகப் பத்து மிஞ்சியது. மருமகன் அதில் துணி காயப்போடக் கம்பம் நட்டுவிட்டு, "நல்லவேளை மாமா வாங்கினீங்க," என்றார். அது நிஜமா, குத்தலா என்று பெரியவருக்கு இன்றுவரை தெரியாது. இருபத்தாறு வருஷமாக மருமகன் கணக்கில் ஒரு தப்புக்காகக் காத்திருந்தார். கிடைக்கவேயில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனுஷன் எழுந்திருக்கவுமில்லை.

உள் அறையில் பேச்சுக் குரல் கேட்டது. மேனேஜர் எப்போது அங்கே நழுவினார்?

"நாளை மறுநாள் கான்கிரீட்மா. திருத்தின இடத்துல சாரோட சீல் இல்லன்னா கட்டட இன்ஸ்பெக்டர் வேலைய நிறுத்திடுவாரு. சீல் வீட்லதான் இருக்குன்னு சொன்னாங்க. ஒரு தடவை வச்சுக் குடுத்தாப் போதும்."

மகள் மேஜை இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற நிலையில் இருந்தாள்.

"செத்தவர் சீல் வைப்பாரா?" என்றார் பெரியவர் வாசற்படியிலிருந்து.

"நேத்து காலைல அவரே வச்ச மாதிரிதான் இருக்கும் ஐயா."

"இருக்கும்னா? இருக்கா, இல்லயா?"

"அப்பா, இன்னைக்குமா?"

"நீ சும்மா இரும்மா. காகிதத்த விரி."

எழுத்து அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். வரைபடமும் எண்ணும் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பள்ளிக்கூடத்து முகப்புக் கூரை. முன்னால் தூணே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குகிற இடம். அதன் மேல்கம்பிக்கு நாலு அங்குல இடைவெளி என்று போட்டிருந்தது. அந்த 4 மேல் ஒரே கோடு, பக்கத்தில் 7, மருமகன் கையெழுத்து, சீல். எல்லாம் சுத்தம். கம்பி கனத்தில்தான் கோளாறு. 12 என்றிருந்ததில் 2-ன் மேல் வேறு பேனாவால் முரட்டுத்தனமாக 6.

"பன்னெண்டு எம்.எம். கம்பி கடையில இல்ல," என்றார் மேனேஜர். "பதினாறுதான் இருந்துச்சு. கனமான கம்பின்னா ஏழு அங்குலத்துக்கு ஒண்ணு போதும்னு சார் மாத்தினாரு. இடைவெளிய மாத்தினவரு, கனத்த மாத்த மறந்துட்டாரு. நான்தான் பார்த்தேன். நேத்தே போன் பண்ணினேன். 'நீங்களே எழுதிடுங்க, நாளைக்கு சீல் வைக்கிறேன்'னாரு."

"மறந்துட்டாரா."

"ஆமாங்க."

"மளிகைச் சீட்டுல சர்க்கரைய அடிச்சாக்கூட ஒரே கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்து வைக்கிற ஆளு. அவரு மறந்தாராம்."

பெரியவருக்குக் கணக்கு ஓடியது. மெல்லிசுக் கம்பியை ஏழு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டினால் கூரை தொங்கிவிடும். நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்து யாருடையது? வாயில்லாத ஆளுடையது. அதற்கு மேல் சீலும் வைத்துக் கொடுத்தால், அந்தக் கிறுக்கலும் அவர் தலையில்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "நேத்து காலைல அவருக்கு மூச்சு வாங்கிச்சுப்பா. கண்ணாடிகூடப் போடாம எழுதிட்டிருந்தாரு. நான்தான் திட்டினேன்."

"உன்கிட்ட யாரு கேட்டா?"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. சீலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டிருக்கையில், பெரியவர் மேனேஜர் காரில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஐயா போகணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு. கம்பி கட்டிட்டீங்கல்ல?"

"கட்டியாச்சு. இந்த நேரத்துலயா?"

"ஏன், அதுக்குள்ள மாத்தணுமா?"

மேனேஜர் வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூடத்து முகப்பில் பலகை அடித்துக் கம்பி பரப்பியிருந்தது. ஏணியில் ஏறும்போது மேனேஜர் முழங்கையைப் பிடிக்க வந்தார், பெரியவர் உதறினார். குந்தி உட்கார்ந்து ஒரு கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். பதினாறு. இரண்டாவது, பதினாறு. முன்னால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நல்லதைக் கட்டிவிட்டுக் கோடியில் ஏமாற்றுவது அவர் பார்க்காத வித்தை இல்லை. தவழ்ந்தே கோடிக்குப் போனார். அங்கேயும் பதினாறுதான். சாண் வைத்து இடைவெளியை அளந்தார். ஏழு. தூணில்லாத கூரைக்கு வேண்டியபடி கம்பி மேலேதான் நின்றது. அதைத் தாங்குகிற கட்டையெல்லாம் ஒழுங்காக இருந்தது. குறை சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்றார் மேனேஜர்.

"நீ எழுதினத நீயே ஒத்துக்க. உன் பேரப் போடு. சீல் கிடையாது."

இதில் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தார். மேனேஜர் முழங்கால் மேல் காகிதத்தை விரித்தார். கிறுக்கலின் பக்கத்தில் தன் பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"அவ்வளவுதானே ஐயா? இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். சாரப் பத்தி ஒரு வார்த்தை வராது. ஒரே ஒரு தடவைதான மறந்தாரு."

பக்கத்தில் ஒரு கட்டுக்கம்பி முடிச்சு தளர்ந்திருந்தது. பெரியவர் அதை விரலாலேயே முறுக்கி இறுக்கினார். அடுத்ததை இழுத்துப் பார்த்தார். அது இறுக்கமாகவே இருந்தது. அதற்கடுத்ததும்.

ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினார்.

"வாங்க, வீட்ல விட்டுடறேன்."

"நடந்துக்கறேன்."

"ரொம்ப தூரம் ஐயா."

"மாப்பிள்ளை மறக்கிற ஆளில்ல," என்றார் பெரியவர், திரும்பாமல்.

கொட்டி வைத்திருந்த மணலில் கால் புதைந்தது. செருப்பு ஒன்று கழன்றுகொண்டது. குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டாமலே, கேட்டைத் தாண்டித் தெருவில் நடந்தார்.