சாய்த்தால் நிற்கும் கமரா

கமராவைப் படுக்கையாகப் பிடித்து ஸஹ்றா பத்துப் படம் எடுத்தாள். கமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் படத்தில் முழுதாக விழ வேண்டுமென்றால் பிடிப்பதுபோலப் பக்கவாட்டில் சாய்த்துப் பதினோராவதை எடுத்தாள். நின்றுவிட்டது. திரை கறுத்து, பற்றரிக் குறி இரண்டு தடவை மினுங்கி, அதுவும் போனது. அடியில் மாட்டியிருந்த, இரண்டு பற்றரி பிடிக்கும் கிரிப்பின் தட்டை இழுத்துத் திரும்பத் தள்ளியதும் எதுவும் நடக்காததுபோல வேலை செய்தது.

மணி எட்டரை. லுஹர் தொழுகைக்குப் பிறகு வண்ணாத்திவில்லில் பஹ்மிதாவின் கலியாணம்.

கரைத்தீவைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் பகுதிக்குள் போய்ப் படம் எடுக்க ஸஹ்றாவை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் மூன்று கிழமைக்கு முன்னால் பஹ்மிதாவின் மாமி, வாப்பாவின் தங்கச்சி சாரா உம்மா தன் மகள் பளீலாவைக் கட்டிக் கொடுத்தபோது, மாப்பிள்ளை தாலி போடும் நேரம் பார்த்து இந்தக் கமரா நின்றது. அந்தப் படம் இல்லாமலே அல்பம் போனது. அதனால்தான் நேற்று பஹ்மிதாவின் வாப்பா செய்னுலாப்தீன் போன் எடுத்திருந்தார்.

"மகள், குறை நெனைக்காதீங்க. டவுன் ஸ்டூடியோப் பொடியன்மார் ரெண்டு பேர வாசல்ல இருத்தி வெப்பன். கமரா ஒருக்கா நிண்டா அவங்களத்தான் உள்ளுக்கு எடுப்பன்."

பின்னாலேயே பஹ்மிதா போன் எடுத்தாள். முகம் மூடுகிற பிள்ளை. "அவங்க வந்தா நான் முகத்தத் தொறக்க மாட்டன் ஸஹ்றா. கறுப்புத் துணியத்தான் போட்டோ எடுப்பாங்க. பாத்துக்க."

கமராவை டோஹாவிலிருந்து அனுப்பியவர் ஸஹ்றாவின் நாநா மிஹ்லார். அங்கே ஒருவரிடம் பழசாக வாங்கியது. வேலைத்தளத்தில் ஒதுங்குகிற ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"தங்கச்சி, பதறாத. முதல்ல கிரிப்பிட அடித் திருகாணிய இறுக்கிப் பாரு. நான் பதறல்ல. நீ பதறாத."

இறுக்கினாள். சாய்த்தாள். ஏழாவது படத்தில் நின்றது.

"ரெண்டு பெட்டரியயும் ஒண்டொண்டாப் போட்டுப் பாரு. எது போட்டா நிக்கிதோ அதுதான் கள்ளன்."

ஒன்றொன்றாகப் போட்டாள். இரண்டும் கள்ளனாக இருந்தன. ஒன்று நாலாவது படத்தில், மற்றது பத்தொன்பதாவதில்.

"அப்ப கிரிப்பக் கழட்டு. கமராவுக்குள்ளயே நேரா ஒரு பெட்டரியப் போட்டுப் பாரு."

"மூடி எங்க நாநா? கிரிப்பக் கழட்டினா பெட்டரிக்கு மூடி இல்லயே. உங்களுக்கு வித்தவன் தரல்லண்டு நீங்கதானே சொன்ன?"



மூடி இல்லாவிட்டால் கமரா எழும்பாது. மூடி அமத்துகிற சின்னப் பொத்தான் ஒன்று உள்ளே இருந்தது. ஸஹ்றா விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை ஒடித்து, அந்தப் பொத்தானை அமத்துமாறு செருகி, மேலே டேப் ஒட்டினாள். சாய்த்து அறுபது படம் எடுத்தாள். ஒரு தடவையும் நிற்கவில்லை. அறுபத்தோராவதில் டேப் கழன்று பற்றரி மடியில் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு கலியாணத்துக்குப் போக முடியாது. ஆனால் கமரா சுகமாக இருந்தது, பற்றரியும் சுகம். நோய் கிரிப்பில்.

பத்தரை மணி. பற்றரித் தட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பித்தளைத் தகடுகள் மங்கிப்போய், ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது. கிட்டக் கொண்டு வந்தபோது முதலில் மூக்குத்தான் கண்டுபிடித்தது. தட்டு மணத்தது. பற்றரியை மோந்தாள். அதுவும் மணத்தது. ஊத் அத்தர்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கலியாண வீட்டுக்குள் கால் வைத்ததும் வீட்டுக்காரப் பெண் ஒருவர் வலது உள்ளங்கையில் அத்தர் தேய்த்துத்தான் உள்ளே விடுவார். வேண்டாமென்றால் அவமதிப்பு. ஸஹ்றா அந்தக் கையோடு போய்க் கதிரையில் இருந்து, பிஸ்மி சொல்லிப் பற்றரி போடுவாள். ஒரு வருசக் கலியாணங்களின் அத்தர் தகட்டில் படிந்து பிசினாகியிருந்தது. களப்புக் காற்றின் உப்பும் தூசியும் அதன் மேல். தட்டு நேராக இருக்கும்வரை கரண்ட் எப்படியோ ஓடியது. சாய்த்ததும் தட்டு மயிரளவு அசைந்தது, கரண்ட் அறுந்தது.

"நாநா, அத்தர்."

"என்ன அத்தர்?"

"என்ட கையில இருந்த அத்தர் பெட்டரியில. கலியாண வீட்டுக்குப் போய்ச் சேந்துதான் பெட்டரி போடணும், உள்ளுக்கே விட்டா வடிஞ்சிரும் எண்டு சொன்னது யாரு?"

மிஹ்லாரின் குரல் வந்தது. "அழிறப்பரால தேய்ச்சி, ஸ்பிரிட்டால தொடை. நல்லாக் காய விடு. பிழ யார்ட எண்டு பிறகு பாப்பம்."

தேய்த்தாள். வெள்ளை அழிறப்பர் பச்சையும் கறுப்புமாக உதிர்ந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் தகட்டையும் பற்றரியின் முனைகளையும், மேலே கமராவுக்குள் ஏறுகிற தண்டையும் துடைத்தாள். கிரிப்பை மாட்டி, சாய்த்து எண்பது படம் எடுத்தாள். எண்பதும் விழுந்தன. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டிலேயே பற்றரி போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

பெண்கள் பகுதி வாசலில் அத்தர்ப் போத்தலோடு நின்றவர் சாரா உம்மா.

"வந்திட்டாவா, பாதியில நிக்கிற கமராக்காரி. கையக் கொண்டா."

ஸஹ்றா வலது கையைப் புரட்டிப் புறங்கையை நீட்டினாள்.

"இதென்ன புதினம்? உள்ளங்கைய விரி. எங்கட அத்தர் வேணாங்கிறதுக்கு நாங்க உனக்கு என்ன செஞ்ச?"

"வேணாங்கல்ல மாமி. உள்ளங்கையில பட்டா பெட்டரியில ஒட்டுது. அதாலதான் அண்டைக்கி கமரா நிண்டிரிக்கி."

சாரா உம்மாவின் கை போத்தலோடு அந்தரத்தில் நின்றது. "அப்ப பளீலாட தாலிப் போட்டோவக் கெடுத்தது நானா?"

"நீங்க மட்டுமில்ல மாமி. ஒரு வருசமா எல்லா வீட்டாக்களும்."

"எல்லாரும் பூசி, என்ட வீட்டுலதானே நிண்டிச்சி." அவர் போத்தலைப் பார்த்தார். "இது மக்காவுல வாங்கின ஊத். மலிவுச் சாமான் இல்ல."

"அதான் மாமி, நல்லா ஒட்டியிருந்திச்சி."

சாரா உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ஒரு துளியை ஸஹ்றாவின் சட்டைக் கையில் தொட்டுவிட்டு வழி விட்டார்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வரப் பத்து நிமிசம் இருக்கும்போது பற்றரிக் குறி குறைந்து காட்டியது. ஸஹ்றா மூலையில் குந்தி வேறு இரண்டைப் போட்டாள். சாரா உம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் மறித்து நின்றார்.

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க! வாறண்டா கைய மோந்து பாத்திட்டு வாங்க!"

மாப்பிள்ளை வந்தார். பஹ்மிதா முகத்திரையை எடுத்தாள். வாசல் திரைக்கு வெளியே செய்னுலாப்தீனின் செருப்புகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சோடிச் சப்பாத்துகள். தாலிக்கொடி மேலே எழுந்தது. ஸஹ்றா கமராவைச் சாய்த்தாள். ஒன்று. இரண்டு. கொக்கி மாட்டுப்படவில்லை, மாப்பிள்ளை குனிந்து திரும்ப முயன்றார். ஏழு. எட்டு. மாட்டுப்பட்டது. பதினாலு. திரை கறுக்கவில்லை.

"நிண்டிச்சா?" என்று வெளியிலிருந்து செய்னுலாப்தீன் கேட்டார்.

"நிக்கல்ல காக்கா," என்றார் சாரா உம்மா. "அந்தப் பொடியன்மாருக்குச் சோத்தக் குடுத்து அனுப்புங்க."

சப்பாத்துகள் போயின. பஹ்மிதா முகத்திரையைப் போடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். சாரா உம்மா கமராத் திரையில் அந்தப் பதினாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் குறைத்து, "பளீலாட கலியாணச் சாரி அலுமாரிலதான் ஈக்கி. நாளைக்கி ஒருக்கா வந்திட்டுப் போ. மாப்பிளைய நான் புடிச்சி வெக்கிறன்," என்றார்.

ஸஹ்றாவின் போனில் மிஹ்லாரின் பத்தொன்பதாவது வொய்ஸ் கிடந்தது. ஒரு படமாவது அனுப்பச் சொன்னார். அன்றைய கலியாணப் படங்கள் எல்லாம் பெண்கள் பகுதிப் படங்கள், வேற்று ஆணான அவர் பார்க்கக்கூடியது ஒன்றும் இல்லை. அவள் அத்தர்ப் போத்தலை ஒரு கதிரையில் வைத்து, கமராவைச் சாய்த்து ஒன்று எடுத்து, கமராத் திரையில் தெரிந்ததைப் போனில் பிடித்து அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "நிண்டிச்சா இல்லயா, அதச் சொல்லு."