மூக்குப்பேணியில் வெட்டிய பெயர்

…சிவனேஸ்வரி, தங்கம்மா, இன்னொரு தங்கம்மா, பெயரை வாசித்துவிட்டுத்தான் சம்மட்டியைப் போடுவேன், பித்தளையில் வெட்டிய பெயரை வாசிக்காமல் நசுக்கினால் ஆளையே அடித்த மாதிரி இருக்கும், "அக்கா, பள்ளிக்கூட இடாப்புக் கூப்பிடுறியளோ?" என்று குகதாசன் சிரிப்பான், சிரிக்கட்டும், என் முதலாளி, பழைய இரும்புக் கடைக்காரன், உலகச் சந்தையில் விலை ஏறினால் அவனுக்குச் சிரிப்பும் ஏறும், எங்கேயோ மின்சாரக் கார் செய்கிறார்களாம், செப்பு போதவில்லையாம், அதோடு பித்தளையும் ஏறுகிறதாம், சீனாவில் தட்டுப்பாடென்றால் எங்கள் ஸ்கந்தபுரத்தில் குசினிப் பாத்திரமெல்லாம் காலி… வீட்டு வளவைக் கிண்டியும் கொண்டுவருகிறது சனம், சண்டைக்குள் புதைத்துவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து எடுத்தது பாதி, திரும்பி வராதவர்களுடையதை வேறு யாரோ எடுத்தது பாதி, வாசிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது "ஓம், இருக்கிறன்" என்று சொல்லிவிடுவார்களோ என்று சில நேரம் உடம்பு கூசும், சரி, அடுத்தது மூக்குப்பேணி, மூக்கு வைத்த குடிகுவளை, இது யார், விமலேஸ்வரி.

என் பெயர். ஊரில் எத்தனை விமலேஸ்வரி… ஆனால் விளிம்பில் இந்த நெளிவு, என் மகன் அனோஜன் கிணற்றுக்கட்டில் போட்டு நெளித்தது அல்லவா, இதைப் பிடித்துக்கொண்டுதான் முள்ளிவாய்க்காலில் கஞ்சி வரிசைக்குப் போனான், ஐந்து வயது, பிறகு செல் விழுந்து வெடித்தது, வரிசையும் இல்லை, பிள்ளையும் இல்லை, உடம்புகூடக் கிடைக்கவில்லை, இன்னும் தேடுகிறேன், பேணியில் மண் இருந்தால் யாரோ கிண்டியெடுத்தது என்று மனதை ஆற்றலாம், மண் இல்லையே, களிம்பும் இல்லையே, புளி போட்டு மினுக்கியிருக்கிறது, இத்தனை காலமும் இதில் யாரோ குடித்திருக்கிறார்கள்… எனக்குப் பயமாக இருக்கிறது.

"இது ஆர் கொண்டந்தது?" தராசடியில் இரண்டு செருப்புக் கால்கள் அசைகின்றன, "நான்தான் அன்ரி," இருபது தாண்டிய குரல், அனோஜனுக்கும் இப்போது அதுதான் வயது, "செட்டிகுளத்தில எங்கட வீட்டில கிடந்தது, அம்மா போன மாசம் செத்திட்டா, இனி ஆர் மினுக்கிறது?" "விமலேஸ்வரி எண்டிருக்கு தம்பி, அவவின்ர பேரோ?" "இல்லை. ஆரெண்டு கேட்டா அம்மா அழுவா. அதால நான் பிறகு கேக்கிறேல்ல." எதற்கு அழ வேண்டும், ஒரு பேணிக்கு, யாரோ ஒருத்தியின் பெயருக்கு… "அக்கா, லொறி வந்திட்டுது, கெதியா அடியுங்கோ!" குகதாசன் கத்துகிறான், சம்மட்டி கையிலேயே இருக்கிறது, பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விளிம்பை, அடியை, மூக்கை, பெயரை… அந்தப் பெடியனின் முகத்தை மட்டும் நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.