இடது காது

எங்கள் குடியிருப்பில் ஒரு யானை இருக்கிறது. ஒரே வீட்டில் வைக்க இடம் போதாது என்பதால் நாற்பது வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறோம். எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள், வருவார்கள், போவார்கள். அதனால் ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில். தினமும் காலையில் நான் இன்டர்காமில் கூப்பிட்டு, "இருக்கா?" என்பேன். "இருக்கு" என்பார்கள். பதில் வராவிட்டால் அந்தப் பங்குக்கு வேறு வீடு பார்ப்பேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு யானையைச் சேர்த்துக் குளிப்பாட்டுவோம். ஏதாவது குறைந்தால் அது எழுந்திருக்காது. எழுந்திருக்காத யானையைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது.

இந்த ஞாயிறு எல்லாவற்றையும் கார் நிறுத்துமிடத்தில் சேர்த்த பிறகுதான் இடது காது வரவில்லை என்று தெரிந்தது. பெர்னதெத் அக்கா மாற்றலாகி அன்று காலை நான் இன்டர்காமில் கேட்ட பிறகுதான் ஓசூர் பஸ் ஏறியிருந்தார். அவசரத்தில் காதும் பெட்டிக்குள் போய்விட்டது. இஸ்மாயில் பாய் முந்தின ராத்திரி மகளின் பிரசவத்துக்குக் கோவை போனவர், விட்டுப்போக மனமில்லாமல் காதையும் கொண்டுபோயிருந்தார்; காலையில் அவர் பதில் வராதபோது, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று விட்டிருந்தேன். மூன்றாவது பிரதி சம்பந்தம் சாரிடம்.

"காலையில இருக்குன்னீங்களே சார்?"

"இருக்கு. ஊர்ல மச்சான் வீட்ல இருக்கு. வெயிலுக்கு விசிறிக்கக் கேட்டான்."

தரையில் கிடந்த யானை என்னையே பார்த்தது.

அப்போதுதான் மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஷர்மிளா, சாமான் வண்டியிலிருந்து அடுப்பை இறக்கிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு ஒண்ணும் தரலையே" என்றார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பெர்னதெத் அக்காவைக் கூப்பிட்டு, போனைக் கொடுத்தேன்.

ஓடும் பஸ்ஸில் பெர்னதெத் அக்கா பெட்டியைத் திறந்து, காதை மேல்விளிம்பிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். "ஓரத்துல சின்னக் கிழிசல். அதுக்குக் கீழ ரோஸ் புள்ளி." சொல்லச் சொல்ல ஷர்மிளாவின் மடியில் காது வந்துகொண்டிருந்தது. ஏழாவது புள்ளியில் சிக்னல் போய்விட்டது.

பாயைக் கூப்பிட்டோம்.

"ஏழு வரைக்கும் வந்துடுச்சாம்மா? சரி, எட்டுலேர்ந்து சொல்றேன்."

பின்னணியில் அவருடைய பேத்தி அழுதுகொண்டிருந்தாள். பிறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பாய் அவளையும் தட்டிக்கொடுத்தபடியே கீழ்மடல் வரை சொல்லி முடித்தார். மடியில் இருந்த காது ஒருமுறை ஆடி, ஷர்மிளாவின் முகத்தில் காற்று வீசியது.

பொருத்தியதும் யானை எழுந்து நின்றது. குழாயைத் திறந்துவிட்டோம். அது முதல் தும்பிக்கைத் தண்ணீரைச் சம்பந்தம் சார் மேல் பீய்ச்சியது. அவர் சட்டையைப் பிழியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் பிரித்து, அவரவர் பங்கை அவரவர் எடுத்துப்போனார்கள். தரையில் ஒன்று மிச்சமிருந்தது. சுண்டுவிரல் நீளத்தில், வெதுவெதுப்பான ஒரு தும்பிக்கை. யார் பங்கிலும் அது இல்லை.

மூன்று பிரதி எடுத்தேன். மூன்று வீடுகளிலும் பால் காய்ச்சச் சொன்னேன்.