வாசிக்காத பெயர்

கல்லறைத் தோட்டத்து கேட்டருகே மொபெட் நின்றதும் சாலம்மாள் இறங்கிக்கொண்டாள். ஓட்டிவந்தவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டிவந்தவர் அவள் புருசனின் அண்ணன் நாச்சிமுத்து. ஐந்து மாதமாக இதே கதைதான். ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு குழாயடி, பேச்சு மட்டும் கிடையாது. ஈஸ்டர் அன்று விடியக்காலையில் மோகனூர் பக்கம் போக பஸ் இருக்காது என்று தெரிந்து, அவராகவே வண்டியைக் கிளப்பி வாசலில் நின்றார். ஏறாமல் என்ன செய்வாள்?

கோபத்துக்குக் காரணம் இருந்தது. குழந்தைவேல் ஐப்பசியில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுப் போதகரிடம் ஆளனுப்பியிருந்தாள் சாலம்மாள். பதில் வருவதற்குள் நாச்சிமுத்து, நம்ம சனத்துக்கு என்ன வழக்கமோ அதுதான் என்று தம்பியைக் காவிரிக்கரைக்குக் கொண்டுபோய்த் தீ வைத்துவிட்டார். பதில் வந்திருந்தாலும் இல்லையென்றுதான் வந்திருக்கும், அது வேறு விஷயம். குழந்தைவேல் ஞானஸ்நானம் வாங்காத மனுசன். பெண்டாட்டியைக் கோயிலில் கொண்டுவிட வந்து, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பாடகர் குழுவின் டோலக்கைத் தொட்டவர், இருபத்திரண்டு வருசம் அதை விடவில்லை. வருகிற போதகர்களெல்லாம் ஞானஸ்நானம் வாங்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஈஸ்டருக்குப் பார்த்துக்கொள்ளலாமுங்க என்று சிரித்தே சமாளித்துவிடுவார். பாவி மனுசன், அந்த அடுத்த ஈஸ்டர் இதுதான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் விடியலில் அவரவர் குடும்பக் கல்லறையருகே மெழுகுவத்தி ஏற்றி நிற்பார்கள். போன ஈஸ்டருக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுக்கச் சேர்ந்து "உயிர்த்தெழுவார்" என்று சொல்லும். கடைசிப் பெயர் முடிந்ததும் பாட்டு. புருசன் பெயரையும் சேர்க்கச் சொல்லி, சபைச் செயலர் பிரபாகர் வீட்டுக்கு மூன்று முறை நடந்துவிட்டாள். அவர் நல்லவர்தான். எனக்கும் ஆசைதானுங்கக்கா, பதிவேட்டுல பேரில்லையே என்று தலையைச் சொறிந்தார்.

நிற்பதற்குக் கல்லறை இல்லாததால் சாலம்மாள் பாடகர்களோடு போய் நின்றாள். எப்போதும் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். போதகர் நாலு வார்த்தை பேசினார். விடியலில் கல்லறைக்குப் போன பெண்கள் அது வெறுமையாக இருக்கக் கண்டதைச் சொன்னார். அவர்களுக்காவது போய்ப் பார்க்க ஒரு கல்லறை இருந்ததே என்று நினைத்தாள்.

பெயர்கள் மூன்று. மூன்றாவதும் முடிந்து போதகர் தாளை மடித்தார். கீபோர்டு வாசிக்கும் தீபிகா சுருதியைப் பிடித்துவிட்டு அவளைப் பார்த்தாள். சாலம்மாள் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. தீபிகா மறுபடியும் சுருதி கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. பாடகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கேட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"சாமி, எந்தம்பி பேரை உட்டுப்போட்டீங்களே."

நாச்சிமுத்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. போதகர் பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் தரையைப் பார்த்தார். தான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, நாச்சிமுத்து இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"கொழந்தவேலுங்க. இருவத்திரண்டு வருசம் உங்குளுக்குத்தானுங்க கொட்டடிச்சான்."

ஐந்து மாதக் கோபம் எந்த வழியாகப் போனதென்று சாலம்மாளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. பாட்டு வராத அதே தொண்டையால், தன்னந்தனியாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உயிர்த்தெழுவார்."

நாச்சிமுத்துவுக்கு அதற்கு அர்த்தம் தெரியுமோ தெரியாதோ, பேரைச் சொன்னால் அடுத்துச் சொல்ல வேண்டியது இதுதான் என்று மட்டும் விளங்கியிருந்தது. சாமி கும்பிடுவதைப்போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார்.

"உயிர்த்தெழுவாருங்க."

கூப்பிய கையை இறக்காமல், மற்றவர்களும் சொல்லட்டும் என்று காத்து நின்றார்.